நாடி தொலைந்த பிறகு: இதயப் பம்பு நோயாளிகளிடம் சிக்கல்களைக் கண்டறிந்த வரலாறு

இதயச் செயலிழப்பு முற்றிய நிலையில், இடது கீழறையிலிருந்து ரத்தத்தை உறிஞ்சிப் பெருந்தமனிக்குள் தள்ளுவதற்காக உடலுக்குள் பொருத்தப்படும் இயந்திரப் பம்பு, மருத்துவமனைப் பேச்சில் 'எல்வாட்' எனப்படுகிறது. பம்பின் ஒரு முனை இதயத்தின் நுனியில் செருகப்பட்டிருக்கும். மறுமுனையிலிருந்து ஒரு செயற்கை ரத்தக்குழாய் பெருந்தமனிக்குப் போகும். டிரைவ்லைன் என்னும் மின்கம்பி வயிற்றுத் தோலைத் துளைத்து வெளியே வந்து, இடுப்பில் மாட்டிய கன்ட்ரோலரோடும் பேட்டரிகளோடும் சேரும். இந்த ஏற்பாட்டில் ரத்தம் உறையலாம், கசியலாம், தோலைத் துளைத்த இடம் சீழ் பிடிக்கலாம், குழாய் முறுக்கிக்கொள்ளலாம், பம்பு துணை செய்யாத வலது இதயம் தளர்ந்து போகலாம். இவற்றைக் கண்டறியும் முறைகள் முன்கூட்டி வகுக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொரு தலைமுறைப் பம்பும் தனக்கே உரிய ஒரு கோளாறோடு வந்தது. அதை அடையாளம் காணும் வழி சில ஆண்டுகள் பின்தங்கியே வந்து சேர்ந்தது.

தொடக்ககாலத்தில் நோயறிதல் ஒரு தனிப் பிரச்சினையாகவே தெரியவில்லை. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1963இல் முதல் பம்பு பொருத்தப்பட்ட நோயாளி நான்கு நாட்களில் இறந்தார். அதே நகரில் 1966இல் மைக்கேல் டிபேக்கி, வால்வு அறுவைக்குப் பின் இதயம் எழும்பாத 37 வயதுப் பெண்ணுக்கு உடலுக்கு வெளியே வைத்த பம்பால் பத்து நாட்கள் துணை கொடுத்து, பிறகு அதை அகற்றி, வீட்டுக்கு அனுப்பினார். நோயாளி தீவிர சிகிச்சைப் படுக்கையை விட்டு நகரவில்லை. பம்பு கண்ணெதிரே இருந்தது. பக்கத்திலேயே ஆட்கள் நின்றார்கள். 1982 டிசம்பரில் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்விக்-7 முழுச் செயற்கை இதயம் பொருத்தப்பட்ட பார்னி கிளார்க் 112 நாட்கள் வாழ்ந்தார். அந்த நாட்களில் வலிப்பு, வால்வு முறிவு, ரத்தக்கசிவு, தொற்று என்று ஒன்று மாற்றி ஒன்று வந்தது. பின்னாளில் இந்தத் துறை பட்டியலிட்ட சிக்கல்களில் பெரும்பாலானவற்றை அந்த ஒரே நோயாளியிடம் பார்த்துவிட முடிந்தது.

நோயாளிகள் வீடு திரும்பத் தொடங்கியது அடுத்த கட்டத்தில்தான். 1986இல் ஹூஸ்டனில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட ஹார்ட்மேட், காற்றழுத்தத்தால் இயங்கியது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1994இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. பின்னால் மோட்டார் வைத்த வடிவம் வந்தது. ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்தக் கருவி வயிற்றுப் பகுதியில் அமர்ந்து, நிரம்பும்போதெல்லாம் ஒரு தட்டை அசைத்து ரத்தத்தைத் தள்ளியது. நோயாளியின் மணிக்கட்டில் கிடைத்த நாடி பம்பின் நாடி, ஈ.சி.ஜி. காட்டியது அவரது சொந்த இதயத்தின் துடிப்பு. இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டியதில்லை என்பதுதான் அன்றைய செவிலியர் முதலில் கற்க வேண்டிய பாடம். உட்பரப்பை வேண்டுமென்றே சொரசொரப்பாக்கி, அதன்மேல் உடலின் செல்களே ஒரு மெல்லிய பூச்சாகப் படியவிட்டதால், ரத்த உறைவு இந்தப் பம்பில் குறைவாக இருந்தது. ஆஸ்பிரின் மட்டுமே பலருக்குப் போதுமானதாக இருந்தது.

அதன் கோளாறு தேய்மானம். மாற்று இதயம் பெறத் தகுதியில்லாத 129 பேரை வைத்து நடந்த 'ரீமேட்ச்' ஆய்வு 2001இல் வெளியானது. ஓராண்டு முடிவில் பம்புக் குழுவில் 52 சதவீதமும் மருந்துக் குழுவில் 25 சதவீதமும் உயிரோடு இருந்தனர். இரண்டாம் ஆண்டு முடிவில் அந்த எண்கள் 23, 8 என்று சரிந்தன. அதற்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட கருவிகள் பழுதாகும் நிலை இருந்தது. தாங்கி தேய்கிறதா என்பதை அறிய, மோட்டார் அறையிலிருந்து வெளியே வரும் காற்றுக்குழாயின் வடிகட்டியில் தூசி படிந்திருக்கிறதா என்று சோதித்தார்கள். மனித உடலுக்குள் இருக்கும் ஒரு பொருளின் ஆயுளை வடிகட்டித் தூசியைக் கொண்டு கணித்தது மருத்துவத்தைவிடப் பட்டறைக்கு நெருக்கமான வேலை. மோட்டார் நின்றுபோனால் நோயாளியோ வீட்டாரோ கையால் அழுத்தி இயக்க ஒரு சிறு பம்பும் கூடவே தரப்பட்டது.

இந்தக் கருவியிடம்தான் மருத்துவர்கள் முதன்முறையாக எண்களால் ஏமாந்தார்கள். பம்புக்குள் ரத்தத்தை அனுமதிக்கும் வால்வு கிழிந்தால், தள்ளிய ரத்தத்தில் ஒரு பகுதி இதயத்துக்கே திரும்பி, அங்கிருந்து மறுபடி பம்புக்குள் வரும். பம்பு சீக்கிரம் நிரம்பும்; வேகமாகத் தள்ளும்; திரையில் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்ற எண் ஏறும். நோயாளிக்கோ மூச்சு வாங்கும். எக்கோவில் பார்த்தால் இடது கீழறை ஊதிக்கிடக்கும். பம்பைக் கடக்கும் ரத்தமும் உடலைச் சென்றடையும் ரத்தமும் வேறு வேறு என்பது அப்போது புரிந்தது. அந்தப் பாடத்தை அடுத்த தலைமுறைப் பம்புகளிடமும் திரும்பத் திரும்பக் கற்க வேண்டி வந்தது.

அந்த அடுத்த தலைமுறை துடிப்பையே கைவிட்டது. ரிச்சர்ட் வாம்ப்ளர் என்ற மருத்துவர் எகிப்தில் ஆர்க்கிமிடீஸ் திருகைக் கொண்டு தண்ணீர் இறைப்பதைப் பார்த்தவர். தமனிக்குள் சுழலும் திருகு ரத்தத்தையும் இறைக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அவர் உருவாக்கிய ஹீமோபம்பு 1988இல் ஹூஸ்டனில் முதல் நோயாளியிடம் பயன்படுத்தப்பட்டது. அவ்வளவு வேகமாகச் சுழலும் உலோகம் சிவப்பணுக்களை நொறுக்கிவிடும் என்று பலர் நினைத்திருந்தார்கள். அது அந்த அளவுக்கு நடக்கவில்லை. அந்த வழியில் வந்த ஹார்ட்மேட் 2 சுமார் 300 கிராம் எடை, ஒரே ஒரு அசையும் பாகம், நிமிடத்துக்கு ஏறத்தாழ 9,000 சுழற்சி. 2008இல் மாற்று இதயத்துக்குக் காத்திருப்போருக்கும், 2010இல் நிரந்தரத் துணையாகவும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2009இல் வெளியான ஒப்பீட்டில் இரண்டாண்டு உயிர்வாழ்வு பழைய கருவியில் 24 சதவீதம், இதில் 58 சதவீதம்.

ஆனால் நோயாளியின் மணிக்கட்டில் நாடி கிடைக்கவில்லை. கீழறை ஓரளவு சுருங்கினாலும், ரத்தம் ஓயாமல் பம்பின் வழியே ஓடுவதால், பலரிடம் பெருந்தமனி வால்வு திறப்பதே இல்லை. நாடித்துடிப்பை நம்பி இயங்கும் தானியங்கி ரத்த அழுத்தக் கருவி 'பிழை' என்று காட்டி நின்றது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரின் எண்ணையும் நம்ப முடியவில்லை. பல நூற்றாண்டுகளாக நோயறிதலின் முதல் படியாக இருந்த ஒன்றை ஒரு வெற்றிகரமான சிகிச்சையே இல்லாமல் ஆக்கிவிட்டது.

அந்த இடத்தை நிரப்பியது டாப்ளர். முழங்கையின் உட்புறத்தில் ஜெல் தடவி, பென்சில் அளவுள்ள டாப்ளர் முனையைச் சாய்த்து வைத்தால், தமனியில் ஓடும் ரத்தம் காற்று வீசுவதைப் போன்ற தொடர் ஒலியாகக் கேட்கும். மேற்கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்தால் ஒலி அறுந்துபோகும். காற்றை மெதுவாக விடும்போது ஒலி மீண்டும் தொடங்கும் இடத்தில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். நாடி அறவே இல்லாதவரிடம் அது சராசரி அழுத்தத்துக்கு நெருக்கமானது. நாடி லேசாகக் கிடைப்பவரிடம் அதே எண் மேல் அழுத்தத்தையே குறிக்கும். இந்த வேறுபாட்டை மறந்து, மேல் அழுத்தத்தைச் சராசரியாக எடுத்துக்கொண்டு மருந்தைக் கூட்டினால், நோயாளி தலைசுற்றி விழுவார். ஸ்டெதாஸ்கோப்புக்கும் புதிய வேலை கிடைத்தது: மார்பின் இடப்பக்கம் ஓயாத ரீங்காரம் கேட்டால் பம்பு ஓடுகிறது.

கன்ட்ரோலரும் அதனுடன் இணையும் திரையும் நான்கு எண்களைத் தந்தன: சுழற்சி வேகம், மின்சக்தி, ஓட்டம், துடிப்புக் குறியீடு. இவற்றில் வேகம் மருத்துவர் நிர்ணயிப்பது; மின்சக்தி அளக்கப்படுவது; ஓட்டம் இந்த இரண்டிலிருந்தும் கணக்கிட்டுச் சொல்லப்படுவது. அந்தக் கணக்குதான் பொறி. சுழலும் பாகத்தின்மேல் ரத்தக்கட்டி படிந்தால் அதைச் சுழற்ற அதிக மின்சாரம் தேவைப்படும். சக்தி ஏறினால் ஓட்டமும் ஏறியிருக்கும் என்று கன்ட்ரோலர் கணக்கிடும். ஆகவே பம்பு அடைபடும் நோயாளியின் திரையில் ஓட்டம் நிமிடத்துக்கு ஒன்பது, பத்து லிட்டர் என்று செழிப்பாகத் தெரியும். வெளியேறும் குழாய் நெரிபட்டாலோ நிலைமை தலைகீழ்: சக்தியும் ஓட்டமும் சேர்ந்தே இறங்கும். துடிப்புக் குறியீடு குறைந்தால் கீழறையில் ரத்தம் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். நீர் வற்றியிருக்கலாம், உள்ளே எங்கோ கசியலாம், வலது இதயம் ரத்தத்தை நுரையீரல் வழியே அனுப்ப முடியாமல் தளர்ந்திருக்கலாம். கீழறை வறண்டுபோனால் பம்பு இதயச் சுவரையே உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அப்போது தாறுமாறான துடிப்பும் கிளம்பும். இத்தனைக்கும் திரையில் ஒரே எச்சரிக்கைதான்: ஓட்டம் குறைவு.

ரத்தக்கசிவு இந்தத் தலைமுறையின் முதல் புதிர். குடலில் நுண்ணிய ரத்தநாளங்கள் புடைத்துக் கசிவதை ஜார்விக் 2000 பம்பு பொருத்திய சிலரிடம் கண்டதாக 2005இல் ஒரு குறிப்பு வெளியானது. விடை ஏற்கெனவே வேறொரு நோயில் இருந்தது. பெருந்தமனி வால்வு சுருங்கிய முதியோருக்குக் குடலில் ரத்தம் கசிவதை எட்வர்ட் ஹைட் 1958இலேயே ஒரு மருத்துவ இதழுக்கு எழுதிய கடிதத்தில் சுட்டியிருந்தார். ரத்தம் உறைய உதவும் வான் வில்பிராண்ட் காரணி நீண்ட சங்கிலிகளாலானது. குறுகிய வால்விலோ வேகமாகச் சுழலும் பம்பிலோ சிக்கும்போது சங்கிலி நீண்டு விரிய, உடலின் நொதி ஒன்று அதை வெட்டிவிடுகிறது. 2008 தொடங்கி வந்த ஆய்வுகள், தொடர் ஓட்டப் பம்பு பொருத்திய ஏறத்தாழ எல்லோரிடமும் நீண்ட சங்கிலிகள் குறைந்திருப்பதைக் காட்டின. அதனாலேயே அந்தப் பரிசோதனை நோயறிதலுக்குப் பெரிதாகப் பயன்படவில்லை: எல்லோரிடமும் இருக்கும் குறை, யாருக்குக் கசியும் என்று சொல்லாது. கறுத்த மலம், குறையும் ஹீமோகுளோபின், எண்டாஸ்கோப்பி, அதிலும் தெரியாவிட்டால் விழுங்கும் கேமரா மாத்திரை என்று பழைய வழியிலேயே தேட வேண்டியிருந்தது.

கசிவுக்குப் பயந்து பல இடங்களில் ரத்த உறைவுத் தடுப்பு மருந்தைத் தளர்த்தினார்கள். அந்தச் சூழலில்தான் துறையின் மிக மோசமான காலம் வந்தது. கிளீவ்லாந்து கிளினிக், டியூக், செயின்ட் லூயிஸிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஆகிய மூன்று மையங்கள் தங்கள் பதிவேடுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தன. 837 நோயாளிகள், 895 ஹார்ட்மேட் 2 பம்புகள். 2011 மார்ச்வரை பொருத்திய மூன்று மாதத்துக்குள் பம்பு அடைபட்டது 2.2 சதவீதம் பேருக்கு. 2013 ஜனவரிக்குள் அது 8.4 சதவீதம் ஆனது. முன்பு சராசரியாக 18.6 மாதங்கள் கழித்து வந்த அடைப்பு இப்போது 2.7 மாதங்களிலேயே வந்தது. தனி ஒரு மையத்தில் இருந்தவர்களுக்கு இது தற்செயலாகத் தெரிந்திருக்கும். மூன்று பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்ததால்தான் ஏற்றம் கண்ணுக்குப் பட்டது. கட்டுரை 2014இல் அச்சானது.

அதே கட்டுரை நோயறிதலுக்கு ஓர் ஆயுதத்தையும் கொடுத்தது. பம்பு அடைபடுவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே எல்.டி.எச். என்ற நொதியின் அளவு சுமார் 540இலிருந்து 1,490வரை ஏறியிருந்தது. குறுகிய வழியில் ரத்தம் பிதுங்கும்போது சிவப்பணுக்கள் உடைகின்றன. உடைந்த செல்களிலிருந்து இந்த நொதி வெளிப்படுகிறது. எந்தச் சிறு ஆய்வுக்கூடத்திலும் செய்யக்கூடிய மலிவான பரிசோதனை இது. இயல்பின் மேல்வரம்பைப் போல இரண்டரை மடங்கைத் தாண்டினால் சந்தேகிக்க வேண்டும் என்பது நடைமுறையாயிற்று. காலையில் சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் உடனே சொல்ல வேண்டும் என்று நோயாளிகளுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். ஒருவரின் பழைய எல்.டி.எச். அளவு தெரிந்திருந்தால்தான் புதிய அளவுக்குப் பொருள் உண்டு என்பதால், வெளிநோயாளி வருகைதோறும் அதைப் பார்ப்பது வழக்கமானது.

எல்.டி.எச். சந்தேகத்தை எழுப்பும், உறுதிப்படுத்த நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு 2012இல் ஒரு முறையை வெளியிட்டது. நோயாளியைப் படுக்க வைத்து, எக்கோ முனையை மார்பில் வைத்தபடியே, பம்பின் வேகத்தை 8,000இல் தொடங்கிப் படிக்கு 400 சுழற்சியாக 12,000வரை ஏற்றுவார்கள். ஒவ்வொரு படியிலும் இரண்டு நிமிடம் பொறுத்து, கீழறையின் அகலம், பெருந்தமனி வால்வு திறக்கிறதா, ரத்த அழுத்தம் என்ன என்று குறித்துக்கொள்வார்கள். நல்ல பம்பு வேகம் கூடக் கூடக் கீழறையைச் சுருக்கும். வால்வு ஒரு கட்டத்தில் மூடிக்கொள்ளும். வேகத்தை எவ்வளவு ஏற்றினாலும் கீழறை அசையாமல் அதே அகலத்தில் நின்றால் பம்பு அடைபட்டிருக்கிறது. ரத்தம் போதுமான அளவு இளகியிருக்கிறதா என்று பார்க்காமல் இதைச் செய்வதில்லை. ஒட்டியிருக்கும் கட்டி வேகத்தில் பிய்ந்து மூளைக்குப் போய்விடக்கூடும். கன்ட்ரோலரின் எண்ணை நம்பாமல், பம்பிடம் ஒரு வேலையைக் கொடுத்து அது செய்கிறதா என்று பார்த்ததில்தான் இந்த முறையின் பலம். பின்னர் வேகத்தைக் கட்டுப்பாடாக வைப்பது, பம்பை அமர்த்தும் கோணம், ரத்த உறைவுத் தடுப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றை வரையறுத்து நடந்த 'பிரிவென்ட்' ஆய்வில் மூன்று மாத அடைப்பு 2.9 சதவீதமாக இறங்கியது.

எக்கோ இன்னொரு மறைவான நோயையும் வெளிக்கொணர்ந்தது. மாதக்கணக்கில் திறக்காமல் கிடக்கும் பெருந்தமனி வால்வின் இதழ்கள் சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன. நடுவில் கசிவு உண்டாகிறது. பம்பு மேலே தள்ளிய ரத்தம் வால்வு வழியே கீழறைக்குள் விழுந்து, திரும்பப் பம்புக்குள் போகிறது. திரையில் ஓட்டம் தாராளமாக இருக்கும். சிறுநீரகத்துக்கு ரத்தம் போதாது. பழைய ஹார்ட்மேட்டின் கிழிந்த வால்வில் பார்த்த அதே சுற்று. சாதாரண நோயாளிக்கு எழுதிவைத்த அளவுகோல்கள் இங்கே கசிவைக் குறைத்தே காட்டும், ஏனென்றால் இவர்களிடம் அது இதயச் சுழற்சி முழுவதும் நீடிக்கக்கூடும். வால்வு சில துடிப்புகளுக்கு ஒருமுறையாவது திறக்கும்படி வேகத்தை வைக்கும் வழக்கம் இதிலிருந்து வந்தது.

டிரைவ்லைன் துளையின் தொற்றுக்குக் கண்ணும் விரலும் பெரும்பாலும் போதும்: சிவப்பு, கசிவு, கம்பியை அசைத்தால் வலி. ஆழத்தில் பம்பைச் சுற்றிப் பரவியதா என்பதுதான் கடினம். உலோகத்தின் நிழல் சி.டி. படத்தைக் கெடுக்கும், காந்தமும் மோட்டாரும் இருப்பதால் எம்.ஆர்.ஐ. அறவே கூடாது. அதனால் கதிரியக்கச் சர்க்கரையைச் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேன் இங்கே இடம்பிடித்தது. பக்கவாதத்திலும் எம்.ஆர்.ஐ. இல்லாத குறை தெரியும். முதல் மணி நேரங்களில் சி.டி. படத்தை மட்டுமே வைத்து முடிவெடுக்க வேண்டும்.

மயங்கிக் கிடக்கும் நோயாளிதான் மிகவும் குழப்பியவர். ஆம்புலன்ஸ் ஊழியருக்கு நாடி இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே பாடம். இவரிடமோ நாடி எப்போதும் இருந்ததில்லை. மறுபுறம், கீழறை வெறுமனே துடிதுடித்துக்கொண்டிருக்க, தலைசுற்றுகிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டு நடந்தே மருத்துவமனைக்கு வந்தவர்களும் பதிவாகியிருக்கிறார்கள். நெஞ்சை அழுத்தினால் குழாய்கள் பிய்ந்துவிடுமோ என்ற பயமும் இருந்தது. அமெரிக்க இதயச் சங்கம் 2017இல் ஒரு வழிமுறையை வெளியிட்டது. அதன்படி முதலில் தோலின் நிறத்தையும் சூட்டையும் பார்க்க வேண்டும். பிறகு பம்பின் ஒலியைக் கேட்டு, கம்பியும் பேட்டரியும் இணைந்திருக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். சராசரி அழுத்தம் 50க்குக் கீழே இருந்து, மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவின் அளவு 20க்கும் குறைவாக இருந்தால் நெஞ்சை அழுத்தத் தயங்கக்கூடாது.

2006இல் வியன்னாவில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட எச்வாட் பம்பு, மார்புக்குள்ளேயே அடங்கும் அளவுக்குச் சிறியது. ஓட்டத்தின் அலைவடிவத்தை அது திரையிலேயே காட்டியது. அலையின் மேடு பள்ளத்தைப் பார்த்தே உறிஞ்சலா, அடைப்பா என்று ஊகிக்க முடிந்தது. கன்ட்ரோலரில் சேமிப்பான தரவுக் கோப்பைப் பதிவிறக்கி, மின்சக்தி படிப்படியாக ஏறியதா ஒரேயடியாக ஏறியதா என்று பார்ப்பது இந்தப் பம்போடு வளர்ந்த கலை. ஆனால் 2017இல் வெளியான 'என்டூரன்ஸ்' ஆய்வில் இந்தப் பம்பு பெற்றவர்களில் 29.7 சதவீதத்தினருக்குப் பக்கவாதம் வந்தது. ஒப்பீட்டுக் குழுவில் 12.1 சதவீதம். உயர் ரத்த அழுத்தத்துக்கு இதில் பெரும் பங்கு இருப்பது தெரியவந்ததும், வீட்டிலேயே அழுத்தம் பார்த்துக் குறிப்பது நோயாளியின் அன்றாடக் கடமையாயிற்று. நின்ற பம்பு மீண்டும் ஓடத் தாமதிப்பது, ஓடாமலே போவது என்ற குறையும் சேரவே, 2021 ஜூனில் விற்பனை நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே பொருத்திக்கொண்டவர்களிடம் அந்தப் பம்பு தொடர்ந்து ஓடியது. அதைப் படிக்கத் தெரிந்தவர்களின் தேவையும் தொடர்ந்தது.

2014இல் ஜெர்மனியின் ஹனோவரில் அறிமுகமான ஹார்ட்மேட் 3, சுழலும் பாகத்தைக் காந்தத்தால் மிதக்கவைத்தது. ரத்தம் செல்லும் இடைவெளி அகலமானது. இரண்டு வினாடிக்கு ஒருமுறை வேகம் இறங்கி ஏறி, தேங்கிய ரத்தத்தைக் கலைக்கிறது. ஸ்டெதாஸ்கோப்பில் ரீங்காரத்தினூடே அது தனியாகக் கேட்கும். 1,028 பேரிடம் நடந்த 'மொமென்டம் 3' ஆய்வில், இரண்டாண்டில் பம்பு அடைப்பு 1.4 சதவீதம், ஹார்ட்மேட் 2இல் 13.9. எல்.டி.எச்.ஐச் சுற்றி வளர்ந்த விழிப்பில் பாதி தேவையற்றதாயிற்று. 2023இல் ஆஸ்பிரினை விட்டாலும் அடைப்பு கூடுவதில்லை, கசிவுதான் குறைகிறது என்று 'ஏரீஸ்' ஆய்வு காட்டியது.

சிக்கல் இப்போது பம்பை விட்டு அதன் வெளிக்குழாய்க்கு இடம்மாறியது. சிலரிடம் செயற்கைக் குழாய் பம்போடு சேரும் இடத்தில் மெல்ல முறுக்கிக்கொண்டது; 2018இல் திரும்ப அழைப்பு அறிவிக்கப்பட்டு, முறுக்கைத் தடுக்கும் கிளிப் சேர்க்கப்பட்டது. வேறு சிலரிடம் குழாய்க்கும் அதைச் சூழ்ந்த காப்புறைக்கும் நடுவே ஆண்டுக்கணக்கில் கூழ் போன்ற படிவு சேர்ந்து குழாயை வெளியிலிருந்து நெரிக்கிறது. 2024இல் இதற்கும் எச்சரிக்கை வந்தது. இங்கே எல்.டி.எச். பெரும்பாலும் ஏறுவதில்லை, மின்சக்தி கூடுவதில்லை. ஓட்டம் மாதந்தோறும் சிறிது சிறிதாகக் குறையும். நீர் குறைவாகக் குடித்ததாலோ அழுத்தம் கூடியதாலோ என்று முதலில் விட்டுவிடத் தோன்றும். பழைய தரவுக் கோப்போடு ஒப்பிட்டு, மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. படத்தில் குழாயை முழு நீளத்துக்கும் பார்த்தால்தான் பிடிபடும். அடைப்பு உள்ளே உறைந்த ரத்தமா, வெளியிலிருந்து நெரிபட்டதா என்பதை நாளத்துக்குள் செலுத்தும் அல்ட்ராசவுண்ட் பிரித்துக் காட்டுகிறது. நெரிபட்ட இடத்தில் ஸ்டென்ட் விரித்துப் பலருக்கு மறு அறுவையைத் தவிர்க்கிறார்கள். முறுக்குக்கு ஆரம்பத்திலேயே சிறு அறுவையால் குழாயைத் திருப்பி நேராக்க முடிகிறது.